தென்கடலுக்குப் போகாத மனிதன்

பயண இலக்கியம் என்ற பெயரில் இன்று நம் கைக்கு வரும் எழுத்துக்களிற் பல ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. விடுமுறைக்குத் தனியே பார்சலோனா செல்லும் ஒருவர் பழைய தெருக்களிற் சுற்றுகிறார். பொக்கேரியாச் சந்தையில் மீனும் பழமும் கண்டு வியக்கிறார். தக்காளி தேய்த்த பாணை உண்டு மகிழ்கிறார். நகரத்தின் ஆன்மாவைக் கண்டுகொண்டதாக எழுதி முடிக்கிறார். அத்தெருவில் வாழ்பவர் யார், அவர் கொடுக்கும் வாடகை என்ன என்ற வினாக்கள் அவருக்கு எழுவதேயில்லை.

இவற்றைப் படித்துச் சலித்தவர்களுக்கு மனுவேல் வாஸ்கெஸ் மொண்டல்பானின் 'தென்கடல்கள்' என்ற நாவலை நாம் நினைவூட்ட விரும்புகிறோம். 1979 இல் ஸ்பானியாவின் பிளனேட்டாப் பரிசைப் பெற்ற படைப்பு அது. அதன் ஆசிரியர், பிராங்கோவின் படைகள் பார்சலோனாவைக் கைப்பற்றிய 1939 ஆம் ஆண்டில், அந்நகரின் ஏழை மக்கள் வாழும் றவால் பகுதியிற் பிறந்தவர், பொதுவுடைமைவாதி, 1962 இல் சர்வாதிகார ஆட்சியினாற் சிறையிலிடப்பட்டவர்.

கதை ஒரு கொலையுடன் தொடங்குகிறது. தென்கடற் தீவுகளுக்குப் போவதாகச் சொல்லி மறைந்த பெருமுதலாளி ஒருவன், ஓராண்டின் பின் நகரில் வெட்டவெளியொன்றிற் குத்துண்டு கிடக்கிறான். துப்பறியும் கார்வால்யோ உண்மையைத் தேடிச் செல்கிறான். முதலாளி எந்தத் தீவுக்கும் போகவில்லை. தான் கட்டி இலாபமீட்டிய தொழிலாளர் குடியிருப்பிலேயே வேறு பெயரில் வாழ்ந்திருக்கிறான். அவனது தனிப்பயணம் தன் சுரண்டலின் விளைவை நேரிற் காணும் பயணமாகிவிடுகிறது.

கார்வால்யோ உணவுப் பிரியன், தானே சமைப்பவன். சுவைத்து உண்பதை ஆசிரியர் குற்றமாகக் கருதவில்லை. ஆனால் சுவைப்பவன் கேள்வியும் கேட்கிறான் என்பதே இங்குள்ள சிறப்பு. சுற்றுலாவாசி பார்த்ததோடு அமைகிறான். துப்பறிபவனோ காரணத்தைத் தேடவேண்டியவனாகிறான்.

நாவலிற் குறையும் உண்டு. தொழிலாளர் குடியிருப்பை நாம் முதலாளியினதும் துப்பறிபவனதும் கண்களாலேயே காண்கிறோம். இருவரும் வெளியார். அங்கு வாழ்வோர் பெரும்பாலும் வினாக்களுக்கு விடையளிப்போராகவே வருகின்றனர். ஆனா என்னும் தொழிலாளிப் பெண் மட்டுமே தன் வாழ்வைத் தானே தீர்மானிப்பவளாக நிமிர்ந்து நிற்கிறாள். அவளே கதையைச் சொல்லியிருந்தால், கார்வால்யோவின் அவநம்பிக்கை இறுதி வார்த்தையாக ஒலித்திராது என்பது நமது கருத்து.

மொண்டல்பான் 2003 இற் காலமானார். றவாலில் ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அதனருகிலேயே பெரிய ஹோட்டலொன்று எழுந்து நிற்கிறது. 1992 ஒலிம்பிக் விளையாட்டையொட்டி உருமாறத் தொடங்கிய நகரில் வீட்டு வாடகை உழைப்போரின் கைக்கு எட்டாததாயிற்று. 2024 ஜூலையில் மக்கள் ஊர்வலமாகச் சென்றபோது, சிலர் உணவகங்களில் அமர்ந்திருந்த சுற்றுலாவாசிகள் மீது விளையாட்டுத் துப்பாக்கிகளால் நீர் பீய்ச்சினர். உல்லாசப் பயணிகளுக்கான சுமார் 10,000 வாடகை வீடுகளின் அனுமதியை 2028 உடன் நிறுத்துவதாக நகரசபையும் அறிவித்துள்ளது.

நனைந்தவர்களின் மனவருத்தம் நமக்குப் புரியாததன்று. அவர்கள் தனிப்பட்ட பகைவர்களுமல்லர். எனினும், தாம் உறங்கிய அறையில் முன்பு எந்தக் குடும்பம் வாழ்ந்தது என அவர்களில் ஒருவரேனும் கேட்டெழுதினால், பயண இலக்கியம் அன்றே வயதுக்கு வந்துவிடும். அத்தகைய எழுத்தையே நாம் எதிர்பார்த்திருக்கிறோம்.