வெற்றிகரமான முறைதான், ஆனால் யாருக்கு?

மாணவர்களே, விளக்கக் கட்டுரை என்றாலே நமக்கு நூலகம், கைப்பேசி, சுற்றுச்சூழல் என்று நாலைந்து தலைப்புகள்தான் ஞாபகத்துக்கு வரும். இந்தத் தடவை கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்ப்போம். நிரலாளர்கள் பரவலாகப் படித்த ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். 2010 ஜனவரியில் வின்சென்ட் டிரீசன் ஆங்கிலத்தில் எழுதியது. ‘வெற்றிகரமான ஒரு கிட் கிளை முறை’ என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

கிட் என்பது 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய மென்பொருள். ஒரு நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாற்றை அது காத்து வைக்கும். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்று வினாத்தாள் கோப்புகளைச் சேர்த்து வைத்துத் திண்டாடிய ஆசிரியர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். மூல நிரலைத் தொடாமல் ஒரு வேலையைத் தனியே செய்துபார்க்கப் பிரிப்பதுதான் கிளை. வேலை முடிந்ததும் மூலத்தோடு இணைத்துவிடலாம். ஆனால் பத்துப் பேர் ஆளுக்கொரு கிளை பிரித்தால் எது எங்கே போய்ச் சேருவது?

டிரீசன் இதற்கு ஒழுங்கான விடை தருகிறார். நிலையான கிளைகள் இரண்டு: வெளியிடத் தயாரான நிரலுக்கு மாஸ்டர், அடுத்த வெளியீட்டுக்கான வேலைக்கு டெவலப். தற்காலிகக் கிளைகள் மூன்று வகை: புதிய வசதிக்கு ஃபீச்சர், வெளியீட்டு ஆயத்தத்துக்கு ரிலீஸ், அவசரத் திருத்தத்துக்கு ஹாட்ஃபிக்ஸ்.

கட்டுரையின் பலம் இங்கேதான். எங்கிருந்து பிரியும், எங்கே சேர வேண்டும், எப்படிப் பெயரிடுவது என்ற மூன்றையும் ஒவ்வொரு தற்காலிகக் கிளைக்கும் அதே வரிசையில் சொல்கிறார். ஹாட்ஃபிக்ஸ் மாஸ்டரிலிருந்து பிரிந்து, மாஸ்டர், டெவலப் இரண்டிலும் சேர வேண்டும். டெவலப்பில் சேர்க்க மறந்தால், திருத்திய பிழை அடுத்த வெளியீட்டில் மறுபடி தலைகாட்டும். ‘கருத்துகளை வரிசைப்படுத்து’ என்று வகுப்பில் தொண்டை வறளச் சொல்கிறோமே, அதற்கு நல்ல உதாரணம் இது.

குறை எங்கே? தலைப்பிலுள்ள ‘வெற்றிகரமான’ என்ற சொல்லில். தம் சில திட்டங்களில் இம்முறை பலன் தந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார், அது நேர்மை. ஆனால் எவ்வகை மென்பொருளை மனத்தில் வைத்து எழுதினார் என்பது மூலக் கட்டுரையில் தெளிவாக வரவில்லை. படித்தவர்களில் பலர் இதை எல்லாருக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே பதிப்பை அடிக்கடி புதுப்பிக்கும் இணையச் செயலிக்கு இத்தனை கிளைகள் வீண் சுமை.

2020 மார்ச்சில் டிரீசனே கட்டுரையின் தலைப்பகுதியில் ஒரு குறிப்பைச் சேர்த்தார். இணையச் செயலிகளைத் தாம் மனத்தில் வைத்து எழுதவில்லை. அவற்றுக்கு எளிய முறையே போதும். பதிப்பு எண்ணிட்டு வெளியிடும் மென்பொருளுக்கும், பல பதிப்புகளை ஒரே நேரத்தில் பராமரிப்பதற்கும் தம் முறை இன்னும் பொருந்தலாம் என்பது அதன் சாரம். பத்தாண்டு கழித்தும் தம் எழுத்தின் எல்லையைச் சொல்ல அவர் தயங்கவில்லை. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சில வரிகள் 2010-லேயே இருந்திருந்தால் எத்தனை குழுக்களுக்கு வீண்வேலை மிச்சமாகியிருக்கும்!

இந்தத் தவறு நம்மிடமும் உண்டு. ‘அதிகாலையில் படிப்பதே சிறந்தது’ என்று எழுதிவிட்டு, இரவு வேலைக்குப் போகும் மாணவரை மறந்துவிடுகிறோம். அடுத்த முறை ‘சிறந்தது’, ‘வெற்றிகரமானது’ என்று எழுதினால், யாருக்கு, எந்தச் சூழலில் என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். ஆசிரியர்களே, திருத்தும்போது அந்த ஒரு வரி இருக்கிறதா என்று நாமும் தேடுவோம்.