சிறுபாணன் உண்ட விருந்து

விருந்துண்ட சுவையை எழுதுவது இக்காலத்தார் கண்ட புதுமையன்று. ஆற்றுப்படை நூல்களில் அது பண்டே உண்டு. அவற்றுள் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய சிறுபாணாற்றுப்படையை இந்நோக்கில் ஆராய்வோம்.

பரிசு பெற்ற பாணன், வறிய பாணனுக்கு வழி கூறுகின்றான். எயிற்பட்டினத்தில் பழந்தேறலும் சுட்ட உலர்மீனும் உண்டு. வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் உண்டு. ஆமூரில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டுக் கலவையும் உண்டு. எளியோர் இட்ட உணவை இவ்வாறு பெயர் சுட்டிக் கூறும் புலவர், நல்லியக்கோடன் அரண்மனையில் ஒரு கறியின் பெயரும் கூறினாரல்லர். வீமனது சமையல் நூலின் வழுவாத பல்வகை உணவு என்று சுருக்கிவிடுகின்றார். மன்னன் தானே அருகில் நின்று, பாணன் விரும்புவன அறிந்து ஊட்டியதை எடுத்துரைக்கின்றார்.

இது குறையாகுமா? ஆகாது. அதே நூலில் பாணன் வீட்டு அடுக்களையையும் காண்க. அங்கே குட்டிகள் பால் உறிஞ்சுவதைத் தாளாமல் ஈன்ற நாய் குரைக்கின்றது. மனையாள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்துடன் உண்கின்றாள். அக்கீரை உண்டவனுக்கு, கறியின் சுவையினும் மன்னன் நின்று ஊட்டியதன்றோ பெருஞ்சுவை!

உணவகம்தோறும் சென்று சுவையும் விலையும் எழுதுவோர் இதனைப் பயிலுதல் நன்று. இட்டவர் மனமும் உண்டவர் பசியும் இல்லாத கட்டுரை வெறும் உணவுப் பட்டியலே. வகுப்பில் இவ்வடிகளை அருஞ்சொற்பொருளோடு நிறுத்தாமல், கதவடைத்த அந்த அடுக்களையையும் மாணவர்க்குக் காட்டுதல் ஆசிரியர் கடனாகும்.