இரட்சணிய யாத்திரிகத்தில் இறையன்பு: ஒரு மதிப்பீடு

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் 1678இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பில்கிரிம்ஸ் புரோகிரஸ் என்னும் உருவகக் கதையைத் தழுவிய தமிழ்க் காப்பியம். ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் கொண்டது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த நற்போதகம் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலானது. 'கிறித்தவக் கம்பர்' என்ற பட்டத்தோடு இதன் ஆசிரியரைப் பாராட்டிவிட்டு நூலைத் திறக்காமலே வைத்துவிடுவது நம் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இதன் ஒரு பகுதி இடம்பெற்ற பிறகே, பாடம் நடத்த வேண்டிய கட்டாயத்தால் முழு நூலையும் தேடிப் படித்தேன்.

கடவுள் மனிதனோடு தனிப்பட்ட அன்புறவை விரும்புகிறார் என்பது கிறித்தவத்தின் அடிப்படைக் கருத்து. மனிதன் கடவுளைத் தேடுவதற்கு முன்பே கடவுள் மனிதனைத் தேடி வந்துவிட்டார் என்று அது சொல்கிறது. காணாமற்போன ஆட்டைத் தேடிப் போகும் மேய்ப்பனும், வீட்டை விட்டுப் போன மகனைத் தொலைவில் கண்டதும் ஓடிவரும் தகப்பனும் இயேசு சொன்ன கதைகளில் வருபவர்கள். ஆனால் பயணக் காப்பியம் என்ற வடிவத்தில் நடப்பவன் மனிதன். அழிவின் நகரத்தை விட்டுக் கிளம்பி, முதுகில் பாவச் சுமையோடு, இடர்களைக் கடந்து வான்நகரை அடைய வேண்டியவன் அவன்தான். கடவுள் வழியின் முடிவில் காத்திருக்கிறார். இந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் அன்பின் திசை மாறிவிடும். மனிதனின் விடாமுயற்சிதான் கதையாகும்.

பனியனிடம் இதற்கு விடை உண்டு. சிலுவையைக் கண்டதும் பயணியின் சுமை தானாக அவிழ்ந்து உருண்டு போகிறது. ஆயினும் அந்தக் காட்சி மிகச் சுருக்கமானது. கிருஷ்ணபிள்ளை அங்கே நிறைவடையவில்லை. மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார்: குமார பருவத்தில் இரட்சணிய சரித படலம் என்று இயேசுவின் பாடுகளை முழுக் கதையாகவே விரித்தார். தழுவலில் அவர் செய்த மாற்றங்களுள் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன். மனிதனின் நடைக்கு நடுவே கடவுளின் நடை வந்து சேர்கிறது. அதுவும் கொலைக்களத்துக்குப் போகும் நடை.

பாடநூலில் உள்ளது இந்தப் படலத்தின் பகுதிதான். அதில் ஒரு பாடல், கட்டுண்டு நிற்கும் இயேசுவைக் காட்டுகிறது. அவரைக் கட்டியது கயிறு என்று எண்ணாதீர்கள் என்கிறார் கவிஞர். தம்மைப் பகைத்த மனிதரையும் நினைந்து உருகும் அன்புதான் கட்டு. அதை அவிழ்த்துக்கொள்ள இயலாமல் ஓர் ஏழையைப் போல நிற்கிறார் என்பது கருத்து. கயிற்றுக்கு அவர் இட்ட சொல் 'பாசம்'.

சைவ சித்தாந்தத்தில் பாசம் உயிரைப் பிணித்திருப்பது. பதியை அடைய நீங்க வேண்டியது. இங்கே பிணிப்பு கடவுள்மேல் விழுகிறது. கவிஞர் கயிறு என்ற பொருளில்தான் சொல்லை ஆள்கிறார். ஆனால் அன்பைப் பற்றிய பாட்டில் 'பாசம்' என்றதும், தாய்ப்பாசம், பிள்ளைப்பாசம் என்று பழகிய நம் காதில் மற்றப் பொருளும் சேர்ந்தே விழுகிறது.

கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். யசோதை கண்ணனை உரலோடு கட்டிய கதை அவருக்குப் புதிதன்று. மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண் சிறுத்தாம்பு அந்தச் சின்னக் கயிற்றில்தான் தொடங்குகிறது. அன்புக்குக் கட்டுப்படும் கடவுள் என்ற எண்ணத்தை அவர் வெளியிலிருந்து இரவல் வாங்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். அங்கே கட்டுபவள் தாய். இங்கே கட்டுபவர்கள் கொல்ல வந்தவர்கள். அங்கே குறும்பு செய்த பிள்ளை அழுகிறது. இங்கே குற்றமில்லாதவர் வாய் திறவாமல் நிற்கிறார். பழைய படிமம் புதிய இடத்தில் வலியை ஏற்றுக்கொள்கிறது. இரண்டும் ஒன்றே என்று சமரசம் பேசுவோரும், தொடர்பே இல்லை என்று அடித்துச் சொல்வோரும் இந்தப் பாடலைச் சரியாகப் படிக்கவில்லை.

குறைகளும் உண்டு. பனியன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைத்தவர். சந்தையில் பேசும் மொழியில் எழுதினார். கிருஷ்ணபிள்ளை காப்பிய மரபின் முழுக்கோலத்தையும் மேற்கொண்டார். வருணனைகளும் வடசொற்களும் அடுக்கி வரும் இடங்களில் அன்பு அகராதிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. பண்புகளுக்குப் பெயர்சூட்டி உலவவிட்ட மாந்தர் பலர், பெயருக்கு மேல் வளரவில்லை. கதையைவிட இடையிடையே வரும் தேவாரப் பாடல்களில்தான் 'நான்', 'நீ' என்ற நேர்ப்பேச்சு உயிரோடு ஒலிக்கிறது. தமிழ்த் திருச்சபைகளில் அவருடைய கீர்த்தனைகள் இன்றும் பாடப்படுவதையும், காப்பியம் அலமாரியில் இருப்பதையும் பார்த்தால் மக்கள் தீர்ப்பும் அதுவே.

இவ்விடத்தில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியை நினைக்கலாம். அங்கே தலைவி தலைவனை எண்ணி ஏங்குகிறாள்; உறவு காதலாகிறது. படிக்க இனிமையானது. ஆனால் ஏங்குவது பெரும்பாலும் மனிதப் பக்கம்தான். கட்டுண்டு நிற்கும் அந்த ஒற்றைப் பாடலில் ஏங்குவது மறுபக்கம்.

ஓசூர்ப் பகுதியில் தமிழ் வகுப்பு என்றால் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள். சிப்காட் ஆலைகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் அவர்களோடு உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பாடலை நடத்தியபோது, வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு மாணவிக்குப் 'பாசம்' என்றதும் எமன் கையில் இருக்கும் கயிறுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்தவள் சிரித்துவிட்டு, "அம்மா ஊர்ல இருந்து போன் பண்ணி அழுவாங்களே, அதுதான் பாசம்" என்றாள். உரைநூல்கள் ஒரு பொருளோடு நிற்கின்றன. தேர்வுக்கு இலக்கணக் குறிப்பும் சொற்பொருளும் போதும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

முதல் மாணவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "ஐயா, பரீட்சையில ரெண்டு அர்த்தமும் எழுதலாமா?"

எழுதலாம் என்றேன்.