'நிரந்தரம்' என்னும் சொல்: ஒரு விளம்பர வாசகத்தின் விமர்சனம்

விளம்பரமும் உரைநடை இலக்கியத்தின் ஒரு வகையே என்று கூறினால் எமது பண்டித நண்பர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் தமிழ் மக்கள் இன்று நாள்தோறும் மிகுதியாக வாசிக்கும் உரைநடை நாவலுமன்று, சிறுகதையுமன்று. மதிலிலும் பஸ்ஸின் பின்புறத்திலும் கைத்தொலைபேசித் திரையிலும் கண்ணிற்படும் விளம்பர வாசகமே அது. புதுக்கவிதை ஒன்றிற்குப் பத்துப் பக்கத்தில் விமர்சனம் எழுதும் நாம், இலட்சக்கணக்கானோரின் சிந்தையைப் பாதிக்கும் இவ்வுரைநடையை விமர்சனத்திற்கு உரியதென்றே கருதுவதில்லை. இக்குறையை ஒரேயொரு வாசகத்தளவிலேனும் தீர்க்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். வாசகம் இது: 'தேவையற்ற முடிகளை நிரந்தரமாக நீக்குகிறோம்.' அழகுநிலையங்கள் உள்ள ஊர்களிலெல்லாம், சிற்சில சொல் வேறுபாட்டுடன், இதனைக் காணலாம்.

வாசகத்தின் இலக்கணத்தை முதலிற் பார்ப்போம். 'தேவையற்ற' என்பது பெயரெச்சம். தேவை என்றாற் யாருக்குத் தேவை என்ற வினா உடனே எழவேண்டும். ஆனால் நான்காம் வேற்றுமை கொண்ட ஒரு பெயர் அங்கே இல்லை. எழுவாயோ 'நாங்கள்' என மறைந்து நிற்கின்றது. ஆக, நீக்குபவர் உளர். நீக்கப்படும் பொருளும் உளது. எவருடைய உடலிலிருந்து, எவருடைய தீர்ப்பின்படி என்பது மட்டும் இல்லை. தீர்ப்புக் கூறியவர் பெயரில்லாமலே தீர்ப்பு நிறைவேறிவிடுகின்றது. இன்னொன்று: 'மயிர்' என்னும் நல்ல தமிழ்ச்சொல் இங்கே இடம்பெறவில்லை. திருக்குறளின் மானம் என்னும் அதிகாரத்திற் கூச்சமின்றி வழங்கிய அச்சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. சொல்லைக் கண்டு நாணுபவர்கள் பொருளைக் கண்டும் நாணுவதில் வியப்பில்லை.

தமிழ் மரபு முழுவதும் பெண்ணுடலிற் கூந்தலையன்றி வேறு மயிரை அழகெனக் கொண்டதில்லை என்று எண்ணுவோர் கம்பராமாயணத்தின் கிட்கிந்தா காண்டத்தைப் புரட்டுவார்களாக. நாடவிட்ட படலத்தில், சீதையைத் தேடிச் செல்லும் அநுமனுக்கு இராமன் அவளது அடையாளங்களை அடிமுதல் முடிவரை கூறுகின்றான். அவ்வரிசையில், அவளது வயிற்றின்மேல் ஓடும் மெல்லிய மயிரொழுக்கிற்கென்றே ஒரு முழுச் செய்யுள் உண்டு. சிற்றிடையாகிய கொடி துவளாதிருக்க நட்டுவைத்த கொழுகொம்பு அது என்கின்றான் கவிஞன். வடமொழியிலும் இவ்வாறே. காளிதாசனின் குமாரசம்பவத்திற் பார்வதியின் உந்தியருகே தோன்றும் மயிரொழுங்கு வருணிக்கப்படுகின்றது. அன்றைய கவிகளுக்கு இளமையின் இலட்சணமாகத் தோன்றியது இன்றைய விளம்பரக்காரருக்குத் 'தேவையற்றது' ஆகிவிட்டது! இச்செய்யுள்களை நாம் வகுப்பறையிற் கற்பிப்பதில்லை என்பது வேறு கதை. (அநுமனின் சேனை எம்மூர்ப்பக்கம் வந்ததென்று நம்புவோரும் உளர், கதிரவெளியில் 'குரங்குபடையெடுத்த வேம்பு' என்றொரு இடப்பெயரே உண்டு. அங்கே கிடப்பவை பெருங்கற்காலச் சின்னங்கள் என்பது வரலாற்று மாணவருக்குத் தெரியும்.)

கம்பன் பெண்விடுதலைக்காகப் பாடினான் என்று நாம் சொல்லவரவில்லை. அடிமுதல் முடிவரை பெண்ணை உறுப்புறுப்பாக எண்ணிப் பார்க்கும் அக்கண்ணும் அரசவை ஆடவனின் கண்ணே. ஆனால் ஒன்று தெளிவாகின்றது. அழகின் அளவுகோல் இயற்கை தந்ததன்று. காலந்தோறும் மனிதர் ஆக்கியது. ஆக்கியவர் எவர், ஆக்கியதனால் இலாபம் அடைந்தவர் எவர் என்று கேட்பதே விமர்சகனின் தொழில்.

இன்றைய அளவுகோல் ஆக்கப்பட்ட வரலாறு அதிகம் மறைவானதன்று. 1915 இல் ஜில்லெட் நிறுவனம் அமெரிக்காவிற் பெண்களுக்கென முதன்முதலாக ஒரு சவரக்கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆடவர் அனைவருக்கும் கத்தி விற்றபின் எஞ்சியிருந்த சந்தை பெண்களே. கையில்லாச் சட்டை நாகரிகமான அதே காலத்தில், அக்குள் மயிர் அருவருப்பானது என்னும் பிரசாரம் பெண்கள் சஞ்சிகைகளில் நிறைந்தது. முதலில் வெட்கம் உற்பத்தியாயிற்று. பின்னரே அதற்கான மருந்து விலைப்பட்டது.

சவரம் செய்தது வளரும். மீண்டும் கத்தி வாங்கவேண்டும். இத்தொல்லையினாலேயே 'நிரந்தரம்' என்ற சொல்லுக்கு விலை ஏறிற்று. 'நிர் அந்தரம்' என்னும் வடமொழிச் சேர்க்கைக்கு மூலப்பொருள் இடைவெளியின்மை. நிரந்தரமாக நீக்கும் நிலையங்களுக்கு மாதந்தோறும் இடைவெளியின்றிப் போய்வருபவர்கள் இம்மூலப்பொருளை நன்குணர்வர்!

உண்மையிலேயே மயிர்க்காலை அழிக்கும் முறை ஒன்று 1875 இல் வெளிவந்தது. அமெரிக்காவின் சென். லூயி நகரத்துக் கண்வைத்தியர் சாள்ஸ் மிஷெல், இமைமயிர் உள்நோக்கி வளர்ந்து கண்ணை உறுத்தும் நோயாளிகளுக்காக அதனைக் கையாண்டார். நுண்ணிய ஊசியை மயிர்க்காலினுட் செலுத்தி நேரோட்ட மின்சாரத்தைப் பாய்ச்சினால், அங்குள்ள உப்பும் நீரும் சிதைந்து சோடியமைதரொட்சைட்டு உண்டாகின்றது. அக்காரம் மயிர்வேரை அழிக்கின்றது. எமது விஞ்ஞான வகுப்பு மாணவர் உப்புக்கரைசலைக் கொண்டு செய்யும் மின்பகுப்புப் பரிசோதனையே இது. இன்றுவரை அமெரிக்க அரசின் உணவு மருந்து நிருவாகம் 'நிரந்தர நீக்கம்' என்று கூற இடமளித்திருப்பது இம்முறைக்கே. குறை யாதெனில், ஒவ்வொரு மயிராக எடுக்கவேண்டும். ஒரு முகத்திற்கு ஓராண்டோ அதற்கு மேலோ செல்லும். பொறுமையும் கைத்திறனும் வேண்டும் இத்தொழிலில் இலாபம் மெதுவாகவே வரும்.

ஆகவே விரைவான வழிகள் தேடப்பட்டன. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட மறுவருடமே, அதாவது 1896 இல், வியன்னாவில் லியோபோல்ட் ஃபிறொய்ண்ட் என்னும் வைத்தியர் ஒரு சிறுமியின் முதுகிலிருந்த மயிரை அக்கதிரினால் உதிர்த்துக் காட்டினார். 1920களில் 'திரிக்கோ' என்ற பெயரில் எக்ஸ் கதிர்ப் பெட்டிகள் அமெரிக்காவின் அழகுநிலையங்களில் வாடகைக்கு வைக்கப்பட்டன. வலியில்லை, தழும்பில்லை, நிரந்தரம் என்றன விளம்பரங்கள். அப்பெட்டிக்குக் கன்னத்தைக் காட்டி அமர்ந்த பெண்கள் பலருக்குத் தோல் சுருங்கிற்று, ஆறாப்புண் வந்தது, ஆண்டுகள் பல கழிந்து புற்றுநோயும் வந்தது. 1930களின் தொடக்கத்திற் 'கொரெம்லு' என்ற களிம்பு வந்தது. அதிலிருந்தது தாலியம் அசற்றேற்று; எலிப்பாஷாணத்திற் சேர்க்கப்பட்ட தாலியத்தின் உப்பு. மேலுதட்டில் பூசியவர்களுக்குத் தலைமயிர் உதிர்ந்தது. சிலருக்குக் கைகால் முடங்கிப் பார்வையும் கெட்டது. 1932 இல் அந்நிறுவனம் வங்குரோத்தாயிற்று. நட்டஈடு கோரிய பெண்களுக்கு எஞ்சியது ஒன்றுமில்லை. அழகுப் பொருள்களையும் அரசு கண்காணிக்கவேண்டுமென அமெரிக்காவில் 1938 இற் சட்டமியற்றப்பட்டமைக்கு இத்தகைய அவலங்களே தூண்டுகோலாயின.

இன்று வழக்கிலிருப்பது லேசர். மயிரிலுள்ள கருநிறமி ஒளியை உறிஞ்சிச் சூடேற, அச்சூட்டினால் மயிர்வேர் பழுதடைகின்றது. 1996 இல் ஹாவார்ட் மருத்துவர்கள் வெளியிட்ட முன்னோடி ஆய்விற் பங்குபற்றியோர் 13 பேர். வெண்ணிறத் தோலும் கருமயிரும் உடையோர். இதிலேதான் எமக்குரிய சிக்கல் இருக்கின்றது. கறுத்த தோலிலும் அதே நிறமி உண்டு. கருவி அதனையும் சுடும், தோல் வேகும், கரும்புள்ளியோ வெண்புள்ளியோ விழும். தோல்நிறங்களை வகுக்க 1975 இல் ஃபிற்ஸ்பற்றிக் உருவாக்கிய அளவுகோலும் முதலில் வெள்ளையர் தோலையே நான்காக வகுத்தது. மண்ணிறத்தாருக்கும் கறுப்பருக்கும் ஐந்தாம் ஆறாம் வகுப்புகள் பின்னரே ஒட்டப்பட்டன. விஞ்ஞானம் பொதுவானதுதான், அது எவருடைய உடலில் முதலிற் பரிசோதிக்கப்பட்டது என்பது பொதுவானதன்று. எமது தோலுக்கு 1064 நனோமீற்றர் அலைநீளங்கொண்ட என்.டி. யாக் என்னும் லேசரே ஒப்பீட்டளவில் ஆபத்துக் குறைந்தது. நிலையத்திலிருப்பது எவ்வகைக் கருவி, அதனை இயக்குபவர் பெற்ற பயிற்சி என்ன என்று கேட்டறியாமற் கன்னத்தை நீட்டுவது தகாது. அதன்பின்னரும் கிடைப்பது நீக்கமன்று, குறைப்பே. அமெரிக்க நிருவாகம் 'நிரந்தரக் குறைப்பு' என்ற சொல்லுக்கே இடங்கொடுத்தது. நரைமயிரில் அது பலிக்காது. முகத்திலே சிலருக்கு முன்பிருந்ததிலும் கூடுதலாக வளர்வதுமுண்டு. தெற்காசியப் பெண்களிடம் இவ்விளைவு குறிப்பாகக் காணப்பட்டிருக்கின்றது. குறைப்பு, நீக்கம் ஆகிய இரு சொற்களுக்கிடையிலான தூரத்திலேயே ஒரு வியாபாரம் நடைபெறுகின்றது.

எனினும் இவ்வரலாற்றில் எம்மை மிகவும் உலுக்கிய அத்தியாயம் வேறு. ஆபிரிக்கத் தூக்கநோய் என்பது செற்சி ஈக்களினாற் பரவுவது. மூளையைத் தாக்கி, மயக்கத்தில் ஆழ்த்திக் கொல்வது. அதற்குரிய பழைய மருந்து பாஷாணத்தின் சேர்வை. ஊசியேற்றப்பட்ட நூறு பேரில் ஏறக்குறைய ஐவர் அம்மருந்தினாலேயே மாண்டனர். 1990 இல் எஃப்ளோர்னிதீன் என்ற புதுமருந்து அங்கீகரிக்கப்பட்டது. மயங்கிக் கிடந்தவர்களை எழுப்பியமையால் 'உயிர்த்தெழுப்பும் மருந்து' எனவும் அது புகழப்பட்டது. ஆனால் நோயாளிகள் கொங்கோவினதும் சூடானினதும் ஏழை விவசாயிகள். வாங்கும் சக்தி அவர்களுக்கு இல்லை. இலாபமில்லையென 1990களின் நடுப்பகுதியில் உற்பத்தி கைவிடப்பட்டது. சில ஆண்டுகளில் அதே மருந்துக்கு இன்னொரு குணம் பயன்படலாயிற்று: களிம்பாகப் பூசினாற் பெண்களின் முகமயிர் வளர்ச்சி மந்தமாகும். 2000 இல் அமெரிக்காவில் அக்களிம்பு அங்கீகாரம் பெற்றது. உயிர்காக்கப் போதாத சந்தை, மேலுதட்டு மயிருக்குப் போதுமானதாயிற்று! எல்லைகளற்ற மருத்துவர்கள் இயக்கமும் உலக சுகாதார நிறுவனமும் நெருக்கியதன் பேரிற்றான் 2001 இல் தூக்கநோயாளருக்கும் அம்மருந்தை இலவசமாக வழங்க உற்பத்தியாளர் உடன்பட்டனர். அக்களிம்பும் நிரந்தரமன்று, பூசுவதை நிறுத்தினால் இரண்டு மாதமளவில் மயிர் பழையபடி வளரும். களிம்பு பூசிய பெண்களை நாம் குறைகூறவில்லை. அவர்களது கூச்சமும், அந்த விவசாயிகளின் சாவும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களில் எழுதப்பட்டிருந்தன என்பதையே காட்டுகின்றோம். பொருளின் பயன்மதிப்பு, பரிவர்த்தனை மதிப்பு என்று மார்க்ஸ் வகுத்ததை மாணவருக்கு விளக்க இதைவிட வேறு உதாரணம் நாம் தேடுவதில்லை.

மயிர் களையும் தொழிலை எமது சமுதாயம் எவ்வாறு நடத்தியது என்பதையும் ஒருகணம் எண்ணவேண்டும். அத்தொழிலை ஒரு சாதியின் தலையிற் சுமத்திக் குடிமை என்று பெயரிட்டோம். அச்சாதியின் ஆடவரே கட்டி அறுத்து வைத்தியமும் பார்த்தனர். பெண்கள் மருத்துவச்சிகளாக எம்மையெல்லாம் பூமியில் ஏந்தினர். அவர்களை முற்றத்தில் நிறுத்திய அதே வீட்டார், இன்று வெள்ளை அங்கியும் குளிரூட்டிய அறையும் கண்டவுடன் அத்தொழிலுக்கே முற்பணம் கட்டி முறைக்காகக் காத்திருக்கின்றனர். இழிவு தொழிலில் இருந்ததன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மயிரைக் களைய விரும்புவோரை நாம் பரிகசிக்கவில்லை. அவ்வாறு பரிகசிக்கும் முற்போக்காளர் சிலர் உளர். அவர்கள் வசதியாகத் தாடி வளர்ப்பவர்கள். திருநங்கை ஒருவருக்கு முகமயிர் நீக்கம் அலங்காரமன்று. வீதியில் அடிபடாமல் நடப்பதற்கான வழி. முள்வாங்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவர்கள் படும் வேதனைக்கு மின்னூசி நல்ல மாற்றேயாகும்.

எமது வகுப்பறைக்கும் இது அந்நியமான விஷயமன்று. உயர்தர வகுப்பிலே நன்கு பாடவல்ல மாணவி ஒருத்தி, கலைவிழாவுக்குப் பெயர் கொடுக்க மறுத்தாள். பேசும்போதெல்லாம் அவளது கை வாயை மறைத்திருந்தது. மேலுதட்டிலும் தாடையிலும் படர்ந்த மயிருக்காக 'மாமா' என்று ஆண்பிள்ளைகள் இட்ட பட்டப்பெயரைக் கேட்டு, கற்றறிந்த ஆசிரியர் சிலரும் சிரித்தார்கள். தாய் வயலிற் கூலிக்குப் போகின்றவள். நகரத்து நிலையத்திற் கட்டுவதற்கு மகளின் தோட்டை அடகுவைக்கலாமா என்று அவள் எம்மிடம் ஆலோசனை கேட்டபோதுதான் நாம் இவற்றையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

படித்ததிற் பயனுடையது ஒன்று விளம்பரத்தில் ஒருபோதும் காணப்படாதது. ஆணுக்கும் பெண்ணுக்கும் மயிர்க்கால்களின் தொகை ஏறக்குறைய ஒன்றே. பெண்ணின் முகத்திலுள்ள மெல்லிய பூனைமயிரைத் தடித்த கருமயிராக்குவது ஆண்தன்மைச் சுரப்புநீர்களின் மிகுதி. மாதவிலக்கும் ஒழுங்கீனமானால், சினைப்பையிற் பல நீர்க்கட்டிகள் தோன்றும் நிலை காரணமாயிருக்கலாம். 1935 இல் ஸ்ரைனும் லெவென்தாலும் இதனை விவரித்தனர். உலகிற் பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேர்வரை இந்நிலை உளதென உலக சுகாதார நிறுவனம் 2023 இல் மதிப்பிட்டது. பின்னாளில் நீரிழிவுக்கும் பிள்ளைப்பேற்றுத் தடைக்கும் அது வழிகோலலாம். உள்ளே காரணம் தொடரும்வரை மேலே லேசர் எத்தனைமுறை பாய்ச்சினும் புதிய மயிர் முளைத்துக்கொண்டேயிருக்கும். ஆகவே முதற் செலவு தோட்டை அடகுவைத்த பணமாயிருக்கவேண்டிய அவசியமில்லை. அரசாங்க வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனையும் வைத்தியரின் ஆலோசனையும் இலவசம். இதனைத் தாயிடம் கூறினோம். வாகரை கடந்து மட்டக்களப்புக்குப் போய்வரப் பஸ்செலவும், ஒரு நாட் கூலி இழப்பும் அவள் கணக்கிட்டாள். அறுவடை முடிந்தபின் போவதென்று முடிவாயிற்று. தோடு இப்போதைக்கு மகளின் காதிலேயே இருக்கின்றது.