மணிக்கூட்டோடு மோதும் கூத்து

போட்டி மேடையில் கூத்து பார்க்கிறவர்களுக்கு இப்போது நடிகர்களைவிட நடுவரின் மணிக்கூட்டில்தான் கண் போகிறது. மன்னார்ப் பக்கத்துக் குழுக்களுக்குக் குரலில் குறையில்லை, மத்தளத்தில் குறையில்லை, ஒத்திகையிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் கூத்து ஓட்டப்பந்தயமாக மாறிவிடுகிறது. விருத்தம் மூச்சு விடாமல் ஓடுகிறது. ஆண்டாண்டாகக் கொடுமை செய்த அரசன் இரண்டே அடியில் மனந்திரும்புகிறான். மங்களத்தின் பாதியில் திரை விழுகிறது. புள்ளி போனதும் குழுக்கள் சொல்லும் காரணமும் ஒன்றுதான்: நேரம் காணாது. இந்த அலசல் அதை ஏற்கவில்லை. நேரம் காணும், வெட்டிய இடம்தான் பிழை.

வெட்டுவது மன்னாருக்குப் புதிதுமில்லை. மன்னார் மாதோட்டத்துக் கத்தோலிக்க ஊர்களில் 'நாடகம்' என்றால் பல இரவு ஆடுவது. அதையே சுருக்கி, வசனம் கலந்து, ஓரிரவில் ஆடி முடிக்கும்படி அமைத்தது 'வாசாப்பு'. வடபாங்கு, தென்பாங்கு என்று பாடும் முறைகள் பிரிந்தாலும், ஒரே கதைக்கு நீண்ட ஏடும் குறுகிய ஏடும் வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே பழையது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து அச்சில் வந்த 'என்றீக்கு எம்பரதோர்' (1964), 'மூவிராசாக்கள்' (1966), 'ஞானசவுந்தரி' (1967) ஆகிய மூன்று மன்னார் நாடகங்களையும் கையில் எடுத்தால், நீண்ட ஆட்டம் எவ்வளவு ஆறுதலாக நகர்ந்தது என்பது தெரியும்.

அந்த ஆறுதலுக்கு ஒரு பொறிமுறை உண்டு. ஓர் அரசன் களரிக்கு வருகிறான் என்று வையுங்கள். கட்டியகாரன் வரவு சொல்வான். விருத்தத்தில் அரசனின் பெருமை வரும். பிறகு அரசன் தன் வாயால் தரு என்னும் பாட்டைப் பாடுவான். ஒவ்வொரு அடியையும் பக்கத்தில் நிற்கும் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் கொப்பியைப் பார்த்தபடி அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பார். மட்டக்களப்புக் கூத்தில் ஆட்டம் சுமக்கிற பாரத்தை இங்கே பாட்டு சுமக்கிறது. பிற்பாட்டு ஓடும் அந்த நேரத்தில் நடிகன் மூச்சு வாங்குகிறான், முகத்தை மாற்றுகிறான், அடுத்த அடிக்குத் தயாராகிறான். பார்வையாளரும் முதல் தடவை காதில் விழுந்ததை இரண்டாம் தடவை மனசில் வாங்குகிறார்கள். அரசன் தனியே சொன்னது வெறும் செய்தி. பிற்பாட்டுச் சபை திருப்பிச் சொன்னபின்தான் அது ஊரின் பேச்சாகிறது.

இனிப் போட்டிக் காலத்துக்கு வருவோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தைச் சுருக்கி மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடியதை நகரத்து மண்டபத்தில் இருந்து பார்க்கலாம் என்ற நம்பிக்கை வந்தது. பிறகு பாடசாலைப் போட்டி, கலைவிழா, பரிசு என்று கடிகாரமும் கூத்தோடு கூட வந்து சேர்ந்தது. மன்னாரில் இந்த மாற்றத்தின் நடுவில் நின்றவர்களில் ஒருவர் முருங்கன் தந்த குழந்தை செபமாலை. 1940இல் பிறந்தவர், ஆசிரியராக இருந்தவர், முருங்கன் முத்தமிழ்க் கலாமன்றத்தின் உயிர்நாடியாக விளங்கியவர். அவருடைய நூல்களில் ஒன்றுக்குப் பெயர் 'பரிசுபெற்ற நாடகங்கள்', இன்னொன்றுக்கு 'மரபுவழி நாடகங்கள்'. போட்டியும் மரபும் ஒரே கைக்குள் இருக்கலாம் என்பதற்கு இந்த இரண்டு அட்டைகளே சாட்சி. அப்படியானால் இன்றைய குழுக்கள் எங்கே இடறுகின்றன?

விடைக்கு, கடிகாரத்தோடு மோதி எழுதிய ஒரு தூரத்து எழுத்தாளரைப் பார்ப்போம். அமெரிக்க நாடகாசிரியரும் திரைக்கதையாசிரியருமான பாடி சயெவ்ஸ்கி 1923இல் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். இயற்பெயர் சிட்னி.  இரண்டாம் உலகப் போரில் படையில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைச் சமையற்கட்டு வேலைக்கு டிமிக்கி கொடுக்க, தனக்குப் பூசைக்குப் போகவேண்டும் என்றாராம். யூதப் பெடியனுக்கு என்ன பூசை என்று சிரித்த அதிகாரி, ஐரிஷ் கத்தோலிக்கருக்குரிய 'பாடி' என்ற பெயரை வைத்துவிட்டார். கடைசிவரை அதுவே நிலைத்தது. ஜேர்மனியின் ஆகன் நகருக்கருகே கண்ணிவெடியில் காயப்பட்டு, இங்கிலாந்து மருத்துவமனையில் கிடந்த நாட்களில் ஓர் இசைநாடகம் எழுதினார். எழுத்து வாழ்க்கை அங்கே பிடித்துக்கொண்டது.

அவரை ஆளாக்கியது மேடையல்ல, தொலைக்காட்சியின் கடிகாரம். 1953 மே 24 அன்று அவருடைய 'மார்ட்டி' நேரடி ஒளிபரப்பாகப் போனது. ஒதுக்கப்பட்டது ஒரு மணி நேரம். விளம்பரங்களைக் கழித்தால் அதிலும் குறைவு. வெட்டி ஒட்ட வசதியில்லை, திரும்ப எடுக்க வழியில்லை. கதை என்று பார்த்தால் ஒரு சிறங்கைதான். முப்பது வயது கடந்தும் கலியாணமாகாத ஓர் இறைச்சிக்கடைக்காரன். நடன மண்டபமொன்றில் இன்னொருவன் கைவிட்டுப்போன ஓர் ஆசிரியை. இருவருக்கும் ஓர் இரவு.

இங்கேதான் கவனிக்க வேண்டும். இவ்வளவு நெருக்கடியிலும் சயெவ்ஸ்கி ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப வைத்தார். இன்றிரவு என்ன செய்யலாம் என்று மார்ட்டியும் அவன் கூட்டாளியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். விடை வராது, கேள்விதான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும். அவசரக்காரர் முதலில் வெட்டுவது இதைத்தான். சயெவ்ஸ்கி இதை வைத்துக்கொண்டு கதையைச் சுருக்கினார். அந்தத் திருப்பிச் சொல்லலில்தான் ஒரு தனி மனிதனின் வாழ்க்கை முழுதும் இருந்தது. 1955இல் படமானபோது சிறந்த படம், இயக்குநர், நடிகர், திரைக்கதை என்று நான்கு ஒஸ்கார் விருதுகளும், கான் விழாவின் முதற் பரிசும் வந்தன. பின்னர் 'த ஹொஸ்பிட்டல்' (1971), 'நெட்வேர்க்' (1976) படங்களுக்கும் திரைக்கதை ஒஸ்கார். மூன்றும் கூட்டாளியின்றித் தனியே எழுதியவை.

'நெட்வேர்க்' கூத்துக்கு இன்னும் கிட்ட வருகிறது. ஒரு செய்தி வாசிப்பாளன் கமராவுக்கு முன் எழுந்து நின்று, சன்னலைத் திறந்து கத்துங்கள் என்று நாட்டைக் கேட்கிறான். வீடு வீடாகச் சன்னல் திறக்கிறது. அவன் சொன்ன வசனத்தையே ஊர் திருப்பிக் கத்துகிறது. ஒருவன் அடி எடுக்கிறான், சபை வாங்குகிறது. மன்னாரின் பேசாலையிலோ வங்காலையிலோ கூத்துப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. அந்தச் சன்னல்களை வெட்டிவிட்டால் மிஞ்சுவது விசரன் ஒருவனின் புலம்பல்தான்.

மேடைக்கும் சயெவ்ஸ்கி எழுதினார். 1961இல் பிரோட்வேயில் ஏறிய 'கிதியோன்' விவிலியத்தின் நீதித்தலைவர்கள் நூலில் வரும் கதை. முப்பத்தீராயிரம் பேரோடு புறப்பட்ட கிதியோனின் படையை ஆண்டவர் முந்நூறு பேராகக் குறைத்தபின்தான் வெற்றி கொடுத்தார். யாரை அனுப்பி யாரை வைப்பது என்பதற்கு அங்கே ஒரு சோதனை இருந்தது. கூத்தை வெட்டும் அண்ணாவியாருக்கும் அப்படியொரு சோதனை வேண்டும்.

சயெவ்ஸ்கியிடமும் குறையுண்டு. புகழ் வந்தபின் இவருடைய பாத்திரங்கள் நீண்ட பிரசங்கம் வைக்கத் தொடங்கின. எழுதியதில் ஒரு சொல்லும் மாறக்கூடாது என்ற பிடிவாதமும் வலுத்தது. தன் நாவலிலிருந்து வந்த 'ஓல்டர்ட் ஸ்டேட்ஸ்' (1980) படத்தில் இயக்குநரோடு முட்டிக்கொண்டு, தன் பெயரை எடுத்துவிட்டு 'சிட்னி ஆரன்' என்று போடவைத்தார். 1981இல் 58 வயதில் காலமானார். நேரம் நெருக்கியபோது எழுதியதில் இருந்த அடக்கம், நேரம் தாராளமானபோது எப்போதும் இருக்கவில்லை. கடிகாரத்தைத் திட்டுகிற குழுக்கள் இதையும் யோசிக்கலாம்.

இனி மன்னாருக்குத் திரும்பி, பாலன் இயேசுவைத் தேடிவந்த மூன்று அரசரைப் பற்றிய 'மூவிராசாக்கள்' கதையையே எடுப்போம். போட்டிக்கு வரும் குழு வழமையாகச் செய்வது என்ன? மூன்று அரசரின் வரவு, வெள்ளி காணல், ஏரோதின் அரண்மனை, பெத்லகேம், காணிக்கை, குழந்தைகள் கொலை என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பிற்பாட்டை வெட்டுகிறது. ஐந்து நாள் ஆட்டத்தின் அத்தனை அடிகளையும் இருபது ஓவருக்குள் அடிக்கப் பார்க்கிற துடுப்பாட்டக்காரன் நிலைதான். கதை முழுதும் வந்துவிடுகிறது, கூத்து வரவில்லை. நடிகன் அடிமேல் அடி பாடித் தொண்டை கட்டுகிறான். பிற்பாட்டுக்காரர் சும்மா நிற்கிறார்கள்.

மாற்றி வெட்டிப் பாருங்கள். மூன்று அரசருக்கும் தனித்தனி வரவு வேண்டாம்; ஒரே வரவில் மூவரும் வரட்டும். பெத்லகேமை ஒரு விருத்தத்தில் முடிக்கலாம், மன்னாரில் அந்தக் கதை தெரியாத பிள்ளை இல்லை. மிஞ்சிய நேரம் முழுவதையும் ஏரோதின் அரண்மனைக்குக் கொடுங்கள். புது இராசா எங்கே பிறந்தார் என்று அரசர் கேட்க, சபை அதை வாங்கிப் பாட, ஏரோது பயத்தை மறைத்துப் பதில் சொல்ல, சபை அதையும் வாங்கிப் பாடட்டும். ஒரே கேள்வி மூன்றாம் முறை பிற்பாட்டில் வரும்போது ஏரோதின் முகத்தில் நடக்கும் மாற்றத்துக்கு வசனமே தேவைப்படாது.

நடுவர்களுக்கும் பங்குண்டு. உடை, ஒப்பனை, பாவனை, நேரம் என்று பிரித்துப் புள்ளி போடும்போது, பிற்பாட்டுக்கென்று தனியே ஒரு பங்கு ஒதுக்குங்கள். புள்ளி எங்கே இருக்கிறதோ பயிற்சியும் அங்கேதான் போகும். கதையில் ஒரு காட்சி குறைந்ததற்காக ஒரு குழுவின் புள்ளியைக் குறைக்காதீர்கள். நேர எல்லையைக் கூட்டச் சொல்லிக் கேட்பது இரண்டாவது வேலை. அடுத்த போட்டிக்குக் கொப்பியைத் திறக்கும் அண்ணாவியார் முதலில் செய்யவேண்டியது, சபை திருப்பிப் பாடியே ஆகவேண்டிய அடிகளுக்குக் கீழே கோடு போடுவது. கோடு விழாத இடத்தில் கத்தரிக்கோலை வையுங்கள்.