அவையில் உடைந்த சிலம்பு

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் மாணவரிடமிருந்து ஒரு வினாவை எதிர்பார்க்கலாம். பொய் சொன்னவன் பொற்கொல்லன். வாள் வீசியவன் காவலருள் ஒருவன். பாண்டியன் ஏன் உயிர்விட வேண்டும் என்பதே அவ்வினா. ஊழ்வினை என்று ஒரு சொல் கூறி அதனைக் கடந்து செல்வது எளிது. ஆயின் காப்பியம் அவ்வளவில் அமையவில்லை. ஆள்வோன்மீது பழி சுமத்தப்பட்டால் அவன் செய்யத்தக்கது யாது? பழி எழுந்த அளவிலேயே அரியணை விட்டு இறங்க வேண்டுமா? மெய்ப்பிக்கப்படும் வரை இருக்கலாமா? இவ்வழக்கினை இளங்கோவடிகள் பல கோணங்களில் நிறுத்தி ஆராய்ந்திருக்கிறார்.

வழக்கு பழையதாயினும் இன்றும் தீராதது. 2020 மார்ச் 23ஆம் நாள், கொரோனாத் தொற்றைத் தடுக்க மக்கள் வீட்டிலேயே இருத்தல் வேண்டும் என்று பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன் அறிவித்தார். அக்கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்த காலத்தில், அவற்றை வகுத்தவர் வாழ்ந்த இல்லத்திலேயே விருந்துகள் நடந்தன என்று 2021 நவம்பர் இறுதியில் இலண்டன் நாளிதழ் ஒன்று எழுதியது. உடனே விலகுக என்றது ஒரு குரல். விசாரணை முடியட்டும் என்றது மற்றொரு குரல். இவ்விரண்டனுள் எது முறை என்று காணத் தமிழ் கற்றோர் இலண்டனுக்குச் செல்லுமுன் மதுரைக்குச் செல்வது நன்று. அங்கும் இரண்டு குற்றச்சாட்டுகள் எழுந்தன. இரண்டும் ஒரே மன்னன் முன் வந்தன. ஆனால் இரண்டும் ஒரே வகையில் விசாரிக்கப்படவில்லை.

பொற்கொல்லனின் பழி

முதற் குற்றச்சாட்டு கோவலன்மீது எழுந்தது. அரசியின் சிலம்பைத் திருடியவன் என் குடிலில் இருக்கிறான் என்றான் பொற்கொல்லன். ஊடிய அரசியைத் தேற்ற விரைந்து சென்றுகொண்டிருந்த வேளையில் மன்னன் இதனைக் கேட்டான். சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வருக என்றான். மன்னனின் ஆணையில் 'இருக்குமாயின்' என்னும் ஐயம் இருந்தது என்பது உண்மையே. ஆனால் அந்த ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பு யாரிடம் சென்றது? காவலரை அழைத்துச் சென்று சிலம்பைக் காட்டியவன் குற்றஞ்சாட்டிய பொற்கொல்லனே. திருட்டு வெளிப்பட்டால் தனக்குத்தான் கேடு என்று அறிந்தவனும் அவனே. இவன் கொலைக்குரியவன் போல் தோன்றவில்லை என்று காவலர் தயங்கியபோது, கள்வரின் மாயவித்தைகளை விரித்துக் கூறி அத்தயக்கத்தைக் கெடுத்தவனும் அவனே. முடிவில் அறிவற்ற ஒருவனின் வாள் தீர்ப்பாயிற்று. குற்றச்சாட்டுக்கும் தண்டனைக்கும் இடையே இருக்க வேண்டிய ஒரு படி, ஆராய்ச்சி என்னும் படி, அங்கே இல்லாமற் போயிற்று.

இதனை மறவாமல் நினைத்தல் வேண்டும். குற்றச்சாட்டு எழுந்ததுமே ஆள்வோர் விலகிவிட வேண்டும் என்பது கேட்பதற்கு உயர்ந்த அறம் போல் ஒலிக்கும். ஆயின் அது குற்றச்சாட்டையே தீர்ப்பாக்குவதாகும். அவ்வழி சென்றால் நல்லமைச்சரை வீழ்த்த ஒரு பொற்கொல்லன் போதும், சான்று வேண்டா. அரசியலில் பொற்கொல்லர்க்குப் பஞ்சம் இருந்ததே இல்லை.

கண்ணகியின் பழி

இரண்டாம் குற்றச்சாட்டு மன்னன்மீதே எழுந்தது. சுமத்தியவள் வேற்று நாட்டுப் பெண். துணையில்லாதவள், கள்வன் மனைவி என்று ஊர் அறிந்தவள். அவள் கோலத்தைக் கண்டு அஞ்சிய வாயிற்காவலன் அச்சத்தோடே செய்தி சொல்கிறான். மன்னன் அவளை உள்ளே விடச் சொல்கிறான். இஃது அவன் செய்த முதற் செயல். பழி கூறுவோர்க்கு வாயிலை அடைக்கவில்லை.

இரண்டாவதாக, அவன் தன் கருத்தை எடுத்துரைக்கிறான். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று, அரசனின் கடமை என்கிறான். இங்கே மன்னனைக் குறை கூறுவார் உளர். ஆனால் தன் செயல் முறையானது என நம்பும் ஒருவன் அதனை அவையில் சொல்லுதல் தவறாகாது. மறுப்புக்கு இடமில்லாத வழக்கு வழக்கே அன்று.

மூன்றாவது செயலே காப்பியத்தின் நுட்பம் முழுதும் அடங்கிய இடம். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. மன்னன் அவள் கூற்றை நல்லதெனப் பாராட்டி, தங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான். சிலம்பு உடைபடுமுன், எது வெளிப்பட்டால் தான் தோற்றவன் என்பதை அவனே சொல்லிவிட்டான். பின்னர் தன் காவலில் இருந்த சான்றைத் தானே கொணரச் செய்து அவள் முன் வைக்கிறான். காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாளை பார்ப்போம் என்றிருக்கலாம். தன் ஆட்களைக் கொண்டே உடைக்கச் செய்திருக்கலாம். அவன் இவற்றுள் ஒன்றையும் செய்யவில்லை. உடைத்தவள் குற்றஞ்சாட்டியவள், உடைத்த இடம் அனைவரும் காணும் அவை.

நான்காவது, மாணிக்கம் தெறித்த பின் அவன் கூறியது. பொற்கொல்லனின் பெயரை அவன் எடுக்கிறான். ஆனால் பழியை அவன்மேல் ஏற்றுவதற்கன்று. அவன் சொல்லைக் கேட்ட தன் பிழையைக் கூறுவதற்கே எடுக்கிறான். காவலனின் அவசரம், ஊழின் வலி, அரசியின் ஊடல் ஆகியவற்றுள் ஒன்றையும் அவன் துணைக்கு அழைக்கவில்லை. கோவலன் இறப்புக்கு ஊழினைக் காரணமாகக் காட்டும் அடிகள், அந்த ஊழினை மன்னன் வாயில் ஒரு சாக்காக வைக்க மறுத்துவிட்டார். மாணவரின் வினாவுக்கு விடை இங்கேயே உள்ளது. பொய்யும் வாளும் பிறருடையவை, ஆணை அவனுடையது.

மூன்று பாண்டியர்

அங்ஙனமாயின் ஆள்வோன் செய்யும் பிழை ஒவ்வொன்றுக்கும் உயிரும் அரியணையும்தாம் ஈடோ? அன்று என்பதற்குக் கட்டுரை காதை சான்று. பாண்டியர் குலத்துக்காகக் கண்ணகியிடம் பரிந்து பேசும் மதுராபதித் தெய்வம், முன்னோர் இருவரின் கதைகளைச் சொல்கிறது. கதையோட்டத்துக்கு இவை தடை என்று கருதுவாரும் உண்டு. உண்மையில் இவை நெடுஞ்செழியனின் முடிவை அளக்கும் அளவுகோல்கள்.

ஒன்று வார்த்திகன் கதை. திருத்தங்காலில் தன் மகன் பெற்ற பரிசுப் பொருளின்பொருட்டு வார்த்திகன் என்னும் அந்தணன் சிறைப்பட்டான். புதையல் கவர்ந்தான் என்று பழி சுமத்திச் சிறையிட்டவர் அரசனின் இளம் பணியாளர். கொற்றவை கோயிற் கதவு திறவாமை கண்டு மன்னன் உசாவினான், உண்மை உணர்ந்தான். தவறு பணியாளருடையதாயினும், பிழைத்தது தன் ஆட்சி என்றே கூறி வார்த்திகனிடம் பொறுத்தருள வேண்டினான். ஊர்களை ஈடாக அளித்தான். சிறைக் கதவுகளையும் திறந்துவிட்டான். அவன் அரியணை துறக்கவில்லை. துறக்குமாறு காப்பியமும் கேட்கவில்லை. திருத்தக்க பிழை திருத்தப்பட்டது.

மற்றொன்று பொற்கைப் பாண்டியன் கதை. அரசனின் காவலே வேலி என்று மனைவியிடம் சொல்லி வெளியூர் சென்றான் கீரந்தை. ஒருநாள் அவ்வீட்டுக் கதவைத் தட்டியவன் மன்னனே. அந்த வேலி இன்று காவாதோ என்று அப்பெண் அஞ்சிக் கூறியது அவன் செவியைச் சுட்டது. தட்டியவன் இன்னான் என்று அவள் அறியாள், ஊர் அறியாது. குற்றஞ்சாட்டுவார் ஒருவரும் இல்லாத இடத்தில், தன் காவலைத் தானே மீறிய கையைத் தானே குறைத்தான்.

ஆக, பணியாளர் பிழைக்கு மன்னிப்பும் ஈடும். தானே செய்த பிழைக்குத் தன் உறுப்பு. மீட்க முடியாத உயிரிழப்புக்குத் தன் உயிர். பிழைக்கேற்ற அளவே தண்டனை. மூவர்க்கும் பொதுவானது ஒன்று: எவனும் தன்னை விதிக்கு விலக்காக எண்ணவில்லை.

மன்னனைப் போற்றுவதால் காப்பியம் உண்மையை மறைக்கிறது என்று சொல்லவும் இயலாது. அவன் வீழ்ந்ததால் கோவலன் மீளவில்லை, மதுரை எரிந்தது. ஆராய்ச்சி காலந்தாழ்ந்து வந்தால் பிழையின் விலையை ஊரும் சேர்ந்து கொடுக்க நேரும் என்பதை அடிகள் ஒளிக்கவில்லை.

இலண்டனில் உடைந்த சிலம்பு

இந்த அளவுகோலுடன் இலண்டன் வழக்கைக் காணலாம். பழி எழுந்த மறுநாள், 2021 டிசம்பர் 1ஆம் நாள், தம் இல்லத்தில் விதிகள் முற்றும் காக்கப்பட்டன என்று ஜான்சன் நாடாளுமன்றத்தில் கூறினார். சிலம்பின் பரல் முத்து என்று அவரும் சொல்லிவிட்டார் என்க. அன்றே அவர் விலகியிருக்க வேண்டும் என்பது பொருந்தாது. சிலம்பு இன்னும் உடையவில்லை. உடைக்க வேண்டியவர் யார் என்பதில்தான் சிக்கல் இருந்தது. விசாரிக்க அமர்த்தப்பட்ட தலைமை அதிகாரியின் அலுவலகத்திலேயே ஓர் ஒன்றுகூடல் நடந்தது எனச் செய்தி வரவே, அவர் ஒதுங்க நேர்ந்தது. அமைச்சர் நடத்தை நெறிகளைக் காப்பதற்கும், மீறினாரா என்று முடிவு கூறுவதற்கும் உரியவர் பிரதமரே. அன்று மதுரையில் குற்றஞ்சாட்டியவனே ஆராய்ந்தான். இங்கே குற்றஞ்சாட்டப்பட்டவரே தீர்ப்பாளர். இரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள்.

2022 ஏப்ரல் 12ஆம் நாள் காவல்துறை ஜான்சனுக்குத் தண்டத் தொகை விதித்தது. அவ்வழக்கில் 83 பேர்க்கு 126 தண்டங்கள் விதிக்கப்பட்டன. மாணிக்கம் தெறித்துவிட்டது. அவர் மன்னிப்புக் கோரினார், தண்டம் செலுத்தினார், பதவியில் இருந்தார். வார்த்திகன் வழக்கில் மன்னிப்புப் போதியதாயிற்றே எனின், அந்த மன்னன் உண்மையை மறைத்து உறுதி கூறியவன் அல்லன். ஜான்சன் வழக்கில் விருந்து சிறிது; அவையில் கூறிய சொல் பெரிது. நாடாளுமன்றத்தை அறிந்தே தவறாக வழிநடத்தும் அமைச்சர் விலக வேண்டும் என்பது அந்நாட்டு நெறி. 2022 ஜூலை 7ஆம் நாள் அவர் பதவி விலகலை அறிவித்தது வேறொரு நியமனம் பற்றிய பூசலில், அமைச்சர் பலர் கைவிட்ட பின்னரே. அவர் அவையை வேண்டுமென்றே தவறாக வழிநடத்தினார் என நாடாளுமன்றக் குழு 2023 ஜூனில் முடிவு கூறியது. 354க்கு 7 என்ற வாக்கில் அவை அதனை ஏற்றது. அதற்குள் அவர் உறுப்பினர் பதவியையும் துறந்திருந்தார். சிலம்பு உடைந்ததற்கும் தீர்ப்புக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

அந்நாட்டிலேயே மாறான காட்சிகளும் உண்டு. எதிர்க்கட்சித் தலைவராயிருந்த கெயர் ஸ்டார்மர்மீதும் டர்ஹாமில் விதி மீறினார் என்ற பழி எழுந்தது. தண்டம் விதிக்கப்பட்டால் விலகுவேன் என்று 2022 மே 9ஆம் நாள் அவர் அறிவித்தார். இது காவல்துறையை நெருக்கும் உத்தி என்று எதிர்த்தரப்பார் குறை கூறினர். அக்குறையில் பொருள் இல்லாமலில்லை. எனினும் சிலம்பு உடைபடுமுன் தோல்வியின் விலையைச் சொன்ன முறை அது. ஜூலை 8ஆம் நாள் குற்றமில்லை என்று காவல்துறை கூறியது, அவர் இருந்தார். சுகாதார அமைச்சர் மேட் ஹன்காக் வழக்கு இன்னொரு வகை. அவர் இடைவெளி விதியை மீறிய காட்சியே 2021 ஜூனில் நாளிதழில் வெளிவந்தது. பழியும் சான்றும் ஒருங்கே வந்தமையால் ஆராய ஒன்றும் இல்லை. மறுநாள் அவர் விலகினார்.

பழிக்கும் தீர்ப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்குச் சான்று சிங்கப்பூரிலேயே கிடைக்கும். 2023 ஜூலையில் ஊழல் விசாரணைக்கு உள்ளான அமைச்சர் எஸ். ஈஸ்வரன், பணியிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டார். 2024 ஜனவரியில் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டபோது பதவி துறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் அவருக்கு 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஒதுங்கல், விலகல், தீர்ப்பு என்று படிகள் மூன்றும் தனித்தனியே நின்றன. ஒன்று மற்றொன்றாகக் கருதப்படவில்லை.

மன்னனுக்கு அரியணையும் உயிரும் ஒன்றாயிருந்தன. இறங்க வேறு வழி அவனுக்கில்லை. இன்றைய அமைச்சரின் பதவி மக்கள் தந்த இரவல். அதனைத் திருப்பித் தருவது சாதல் அன்று. எனவே பழி எழுந்தவுடன் விலகுக என்று கேட்பது மிகை. சான்று வெளிப்பட்ட பின்னும் இருப்பேன் என்பது இழிவு. இடையில் வேண்டுவன மூன்று: பழி கூறுவோர்க்குத் திறந்த வாயில், பிறர் கையில் ஆராய்ச்சி, தோற்றால் செய்வது யாது என முன்னரே கூறும் துணிவு.

காப்பியத்தின் இறுதிப் பகுதியில் இரண்டு சான்றுகளை அடிகள் வைத்துள்ளார். வளைந்த கோலைப் பாண்டியன் தன் உயிரால் நிமிர்த்தினான் என்று காட்சிக் காதையில் போற்றுபவன் சேரன்; அவன் வேற்றுக் குலத்தவன். வாழ்த்துக் காதையிலோ, தெய்வமாகிய கண்ணகியே பாண்டியன் குற்றமற்றவன் என்றும் தான் அவன் மகள் என்றும் கூறுகிறாள். வழக்குத் தொடுத்தவளே தோற்றவனுக்குத் தந்த நற்சான்று இது. பதவியில் ஒட்டிக்கொண்டு எவரும் இத்தகைய சான்றைப் பெற்றதில்லை. பாண்டியன் ஏன் உயிர்விட வேண்டும் என்று மாணவர் அடுத்த முறை கேட்கும்போது, ஆசிரியர் வாழ்த்துக் காதையின் ஏட்டைத் திருப்பிக் காட்டலாம்.