ஒளிக்கோடும் மண்கோடும்

கட்டடக்கலையின் சோதனைக் களங்களில் இன்று இரு போக்குகள் ஒன்றையொன்று நாடி வருகின்றன. காளான் இழை, வளைமரம் முதலிய உயிர்வழிப் பொருள்களால் கட்டுவது ஒன்று. கண்ணில் கருவி அணிந்தவருக்கு, கட்டவிருக்கும் வடிவத்தை அவ்விடத்திலேயே ஒளியுருவாக நிறுத்திக் காட்டும் ‘கலப்பு மெய்ம்மை’ மற்றொன்று. அரபியில் ‘கயால்’ என்னும் சொல் கற்பனையையும் நிழலுருவையும் ஒருங்கே குறிக்கும். இக்கருவி காட்டுவதற்கு இதனினும் பொருத்தமான பெயர் அரிது.

இம்முயற்சிகளைப் போற்றுவோர், கட்டுபொருளுக்கு உயிர் வந்துவிட்டது என்பர். இக்கூற்றை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. 2014இல் நியூயார்க்கின் மோமா பி.எஸ்.1 கலைக்கூட முற்றத்தில் ‘தி லிவிங்’ குழுவினர் எழுப்பிய ‘ஹை-ஃபை’ கோபுரத்தில் ஏறத்தாழ 10,000 கற்கள் இருந்தன. மக்காச்சோளத் தட்டையும் காளான் இழையும் கலந்து அச்சுக்குள் வளர்க்கப்பட்டவை அவை. பருவம் முடிந்து பிரித்தபின் மக்கி உரமாயின. பாராட்டத்தக்கதே. ஆயினும் இவ்வகைக் கற்கள் பொதுவாக உலர்த்தப்பட்டு, வளர்ச்சி நின்ற பின்னரே சுவரில் ஏறுகின்றன. உயிரின் பெயரால் புகழ்பெறும் கட்டடம் உயிர் நீங்கிய பொருளாலேயே நிற்கிறது.

2019இல் எஸ்தோனியத் தலைநகர் தாலினில் நடந்த கட்டடக்கலை ஈராண்டு விழாவின் ‘ஸ்டீம்பங்க்’ மண்டபம் இத்தகைய உரிமை எதையும் கோரவில்லை. நீராவியில் பதப்படுத்திய மரப்பலகைகளை, ஹோலோலென்ஸ் கருவி காட்டிய ஒளிக்கோட்டை ஒட்டிக் கையால் வளைத்தனர். விட்டதும் சற்றே நிமிர்வது மரத்தின் இயல்பு. கோட்டுக்கு அது முழுதும் அடங்குவதில்லை. பின்னிப் பிணைந்த அவ்வடிவில் சிறு விலகல்கள் குறையாகத் தோன்றாமல் அழகாகவே அமைந்தன. நம் மதிப்பீட்டில் மண்டபத்தின் சிறப்பு கருவியில் இல்லை, அதில்தான் இருக்கிறது.

எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி, 1941இல் அஸ்வான் அருகே நூபியக் கொத்தர்களிடம் கண்ட முறை ஈண்டு நினைக்கத்தக்கது. தாங்கு சட்டமின்றி மண்கல்லால் வளைகூரை கட்டிய அவர்கள், முதலில் பின்சுவரில் ஈரமண்ணால் வளைவை இட்டனர், அளவுகோலின்றிக் கண்ணளவிலேயே. கல்வரிசைகள் அதன்மேல் சாய்ந்தே எழுந்தன. கோடு மண், கூரையும் மண். வரைந்த கையே கட்டியது. ஒளிக்கோட்டை வரைபவர் ஒருவர், பின்பற்றுபவர் மற்றொருவர். வளரும் பொருளோடு இது மெய்யாக இணைய வேண்டுமாயின், அன்றன்றைய வளர்ச்சியை அளந்து கோடு தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்தும் உரிமை கட்டுபவருக்கும் வேண்டும். இல்லையேல் கருவியைக் கழற்றிய பின் அவரிடம் எஞ்சும் கல்வி எவ்வளவு? ஹோலோலென்ஸ் உற்பத்தியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2024இல் நிறுத்திவிட்ட நிலையில், இது ஏட்டளவிலான வினா அன்று.